எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?

ஊசியம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அன்று வேலை முடிந்து வந்தவள் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்த வேகத்திலேயே கணவனுக்கு நிலவரம் புரிந்துவிட்டது. டிவியின் சத்தத்தைக் குறைத்தான். புயலுக்கு முன்னால் ஜன்னலைச் சாத்துவது போல, அது அவனுக்குப் பழக்கம்.

“மறுபடியும் ரத்தம் உடைஞ்சுபோச்சாம்,” என்றாள்.

“அடடா. யாரோடது?”

“தையலம்மாவோடது. நேத்து ரெண்டு கையையும் தடவித் தடவி நரம்பு தேடி எடுத்தது. இன்னிக்குத் திரும்பப் போய் நிக்கறேன். அந்தம்மா கேக்குது, ‘நேத்து எடுத்தது என்னாச்சு, குடிச்சிட்டியா?’ன்னு.”

கணவனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டான். இத்தனை வருடக் குடித்தனம் அந்த அளவுக்காவது புத்தி கொடுத்திருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள், பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவர்கள் ஆகியோர் வீடுகளுக்குக் காலையிலேயே போய் ரத்தம் எடுத்து, பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் நிலையத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தெருக்களில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. ‘ஊசியம்மா வந்தாச்சு’ என்றால் சட்டைக் கைகள் தானாக மேலேறும்.

எடுத்த ரத்தம் வழியில் ரொம்பக் குலுங்கக் கூடாது. குலுங்கினால் அதிலிருக்கும் அணுக்கள் உடையும். மேலே மஞ்சளாய்த் தெளிந்து நிற்க வேண்டிய நீர் ரோஜா நிறமாகிவிடும். அதை மெஷின் ஏற்காது. திரும்பிப் போய், அதே மனுஷியை, அதே கையில், இன்னொரு தடவை குத்த வேண்டும். கொஞ்ச காலமாக அவள் கொண்டுவரும் குழாய்களில் ரோஜாப்பூ அடிக்கடி பூத்தது. நிலையத்தின் மேற்பார்வையாளர் இன்று கதவைச் சாத்திவிட்டே பேசினார். இந்த மாதமும் இப்படியே இருந்தால் அவளுடைய தெருக்களை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளை உள்ளே ரசீது போட உட்கார வைப்பதாக மேலே முடிவாகியிருக்கிறதாம்.

ரசீது போடுவதா! ஊசி பிடித்த கை அது. குழந்தைக்கே தெரியாமல் குழந்தையின் கையில் ரத்தம் எடுக்கிற கை. அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. குறை வண்டியில் இருந்தது. முன் சக்கரத்தில்.

வண்டி என்றால் ஸ்கூட்டர் அல்ல, முழு மோட்டார் சைக்கிள். அவளுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த ஆள் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் வாங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் தானே உருட்டி, தானே விழுந்து, தானே எழுந்து கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். “பொம்பளைக்கு ஸ்கூட்டர் போதாதா?” என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்: “பெரிய சக்கரம், பள்ளத்துல குலுங்காது. எனக்குப் பின்னாடி உக்காந்து வர்றது ரத்தம். அதுக்கு ஆம்பள வண்டி, பொம்பள வண்டி தெரியாது.”

அப்படிக் குலுங்காத வண்டியைக் குலுங்க வைத்த பெருமை இன்ஜினியரைச் சேரும்.

இன்ஜினியர் என்பது கணவனின் அண்ணன். படித்து வாங்கிய பட்டமல்ல. வேலை ஒரு பாத்திரக் கிடங்கில். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் எந்நேரமும் சட்டைப் பையில். கழற்றுவதில் அவருக்கு நிகர் அவரே. மாட்டும்போதுதான் அவருக்கும் பொருளுக்கும் சின்னச் சின்ன மனத்தாங்கல் வரும். மாட்டி முடித்ததும் உள்ளங்கையில் நாலைந்து சாமான் மிச்சம் இருக்கும். “கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருக்கான்மா. வெயிட்டக் காட்டி வெலைய ஏத்தறதுக்கு,” என்பார். அவர் கைபட்ட பிறகு இவர்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் தனக்குப் பிடித்த நேரத்தில் மட்டும் மணி அடித்தது. அவருடைய சொந்த வீட்டு மிக்சியை ஓட்ட இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மூடியைப் பிடிக்க, ஒருவர் அடியைப் பிடிக்க. ஆனால் கூலி கேட்காதவர். கூலி கேட்காதவரை வேண்டாமென்று சொல்வது எப்படி?

ஆறு மாதம் முன்பு முன் டயர் பஞ்சரானது. “நான் இருக்கும்போது வெளில எதுக்கு?” என்று வந்து சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய கையோடு, “பேரிங் போச்சு” என்று புது பேரிங்கும் போட்டார். அன்றிலிருந்துதான் ஆட்டம். இரண்டாவது செட் பேரிங் போட்டார், அதுவும் போனது. மூன்றாவது செட் இப்போது ஓடிக்கொண்டிருந்தது, ஓடுவது என்று அதைச் சொல்லலாமென்றால்.

நல்லது செய்யாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. பால்கனியில் துணிக்கொடி கம்பியில் உரசி உரசி அறுந்துகொண்டிருந்தது. ஒருநாள் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து, கயிற்றை அதற்குள் விட்டு, கம்பிமேல் பொருத்திக் கட்டினார். அதன் பிறகு கயிறு அறுவதில்லை. “எதையும் வீணாக்கக் கூடாதும்மா,” என்றார். ஊசியம்மா அவருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அதைக் கவனித்தாள்: முன் சக்கரத்தின் நடு நட்டு கையால் திருகினாலே திரும்பியது. அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். கீழே வண்டி பக்கத்திலேயே வைத்துக் கேட்டாள்.

“அத்தான், இந்த நட்டு லூசா இருக்கே?”

“லூசா இல்லம்மா, அளவா இருக்கு. நல்லா இறுக்கினா சக்கரம் சுத்த மாட்டேங்குது. பேரிங்குக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் மூச்சு விட எடம் கொடுக்கணும். அது ஒரு கைப்பக்குவம்.”

“முன் சக்கர நட்ட லூசா விட்டுட்டு ரோட்ல ஓட்டச் சொல்றீங்களா? இறுக்கித்தானே இருக்கணும்?”

“எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? காட்டு, பாக்கலாம்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மாடிப்படியில் நின்ற வீட்டுச் சொந்தக்காரரும் சிரித்தார். அவளுடைய கணவனும் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, பல் தெரியாத சின்னச் சிரிப்புதான். அண்ணன் சிரிக்கிறாரே என்று சிரித்த சிரிப்பு. ஆனால் ஊசியம்மா வாரம் முழுக்க அந்தச் சிரிப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினாள்.

இப்போது தையலம்மாவின் இரண்டாவது குத்தும் அதோடு சேர்ந்துகொண்டது.

“புத்தகம்தானே கேட்டார், உங்கண்ணன்?” என்றாள். “காட்டறேன்.”

“அவர் ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னது. போன்லயே எல்லாம் இருக்குமே, பாரு,” என்றான் கணவன்.

போனிலும் பார்த்தாள். இலவசம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் உள்ளே போனதும் கார்டு எண் கேட்டது. ஒன்று மட்டும் தாராளமாக இறங்கியது. திறந்தால் வேறு வண்டி, வேறு மொழி. முதல் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் வெள்ளை.

மறுநாள் வேலை முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் மிக மரியாதையாகப் பேசினான். மரியாதை கூடக் கூட அவளுக்குக் கோபம் ஏறியது.

“அது எங்க மெக்கானிக்குங்களுக்கு மட்டும்தான் மேடம். வெளில தர்றதில்ல. வண்டிய விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் பாத்துத் தர்றோம்.”

“அடுத்த வாரம் வரைக்கும் நான் பெட்டிய தலையில வச்சுட்டுப் போகட்டுமா?”

“சாரைக் கூட்டிட்டு வாங்களேன் மேடம். அவர்கிட்ட எக்ஸ்ப்ளெய்ன் பண்றோம்.”

“எந்த சார்?”

“வண்டி ஓட்டற சார்.”

அவள் ஹெல்மெட்டை எடுத்து, அவன் கண் முன்னாலேயே தலையில் மாட்டி, பட்டையைச் சடக்கென்று பூட்டினாள். “இவர்தான் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

உதிரிபாகக் கடையில், “புத்தகமா? நாங்க எல்லாம் கைப்பழக்கத்துலதான்மா பண்றோம்” என்றார்கள். கைப்பழக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்கு இன்ஜினியரின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்க நினைத்ததை மறந்து திரும்பிவிட்டாள். புத்தகக் கடையில் மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றியவரின் பயணக்கதையை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் உலகம் சுற்றும்போது நட்டை இறுக்கி வைத்திருந்தாரா என்று அதில் இல்லை.

கடைசியாகப் போனது பழைய பேப்பர் கடைக்கு. பரீட்சை முடிந்த மாணவர்களும் மூடிப்போன அலுவலகங்களும் தள்ளிவிட்ட காகிதம் கூரைவரை ஏறியிருக்கும் கடை. கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

“இன்னிக்கு எடுக்கற நாளா? நான் இப்ப வெறும் வயிறு இல்லியே!”

அவரும் அவளுடைய தெருக்காரர்தான். சர்க்கரைக்காரர். மேசையில் பாதி குடித்த டீ இருந்தது. ஊசியம்மா அதை முகர்ந்து பார்த்தாள்.

“எத்தனை ஸ்பூன்?”

“அது... கடைப்பையன் தெரியாமப் போட்டுட்டான்.”

“தெரியாமப் போட்டத தெரிஞ்சேதானே குடிக்கறீங்க? நல்லாருக்கும்! சரி, இப்ப ஊசி இல்ல. புத்தகம் வேணும்.” வண்டியின் பெயரைச் சொன்னாள்.

அவர் உள்ளே போய்க் கையளவு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டையில் அதே வண்டி. பிடுங்காத குறையாக வாங்கினாள். திறந்தால், ஹெல்மெட் அணியுங்கள், காற்று அழுத்தத்தைச் சரிபாருங்கள், கோளாறு ஏற்பட்டால் அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகுங்கள்.

“அங்கிருந்துதான் வர்றேன்!” என்று அந்தப் புத்தகத்திடமே கத்தினாள்.

“ஓ, நீங்க கேக்கறது அதுவா!” என்றார் கடைக்காரர். “இது ஓட்டறவங்க புத்தகம்மா. உங்களுக்கு வேணுங்கறது கழட்டறவங்க புத்தகம். மெக்கானிக் வேலை கத்துக் கொடுக்கற இடம் ஒண்ணு மூடினாங்க, அங்கேர்ந்து ஒரு கட்டு வந்து கெடக்கு.”

கயிறு போட்டு இறுக்கிய கட்டு. நடுவில் தடிமனாக, விளிம்பெல்லாம் கிரீஸ் விரல் ரேகையோடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்து முதுகில் இருந்த எழுத்தைப் படித்தாள். வண்டியின் பெயர், அதன் பின்னால் வரும் எழுத்து, எல்லாம் அவளுடையதுதான்.

“இது ஒண்ணு போதும்.”

“கட்டுப் பிரிக்க மாட்டேன்மா. பிரிச்சா மிச்சத்த எவன் வாங்குவான்?”

“எனக்கு எதுக்கு இத்தனை? பம்பு, தையல் மெஷின், இன்னும் என்னென்னவோ கெடக்கு.”

“கல்யாணம் பண்ணிக்கறப்ப மாப்பிள்ளை மட்டுமா வர்றான்? அண்ணன், அண்ணி எல்லாம் சேர்ந்துதானே வருது!”

பேச்சுக்குச் சொன்ன உவமைதான். ஆனால் அது எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. ஊசியம்மா பர்ஸைத் திறந்தாள். கேட்ட விலையைக் கொடுத்தாள், கட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள், அவருடைய மிச்ச டீயை வாசலில் ஊற்றிவிட்டுப் புறப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, புத்தகத்தை விரித்தாள். ஆங்கிலம்தான். பரிசோதனைக்கூட டிப்ளமோவில் நோய்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியவளுக்கு நட்டும் போல்ட்டும் பெரிய விஷயமில்லை. முன் சக்கரம் என்ற பகுதியைக் கண்டுபிடித்தாள். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண்ணில் போட்டிருந்தது. அதன் கீழே ஒரு வரி: முழுவதும் இறுக்கிய பிறகும் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால், உள்ளே ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

ஏதோ ஒன்று.

பக்கத்தைத் திருப்பினாள். சக்கரத்தைப் பிரித்துப் போட்ட படம். மீனைத் தின்று முடித்த பிறகு தட்டில் வரிசையாகக் கிடக்கும் முள் போல, ஒரு கோட்டில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக: அச்சு, ஒரு பேரிங், நடுவில் ஒரு குழாய், மறுபடி ஒரு பேரிங், நட்டு. இரண்டு பேரிங்குகளும் ஒன்றையொன்று நெருக்காமல் நடுவில் நின்று தாங்குவது அந்தக் குழாய்தான். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் நசுங்கும், மூச்சு முட்டும். நட்டைத் தளர்த்தினால் சக்கரம் ஆடும்.

அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. தெருவில் தினமும் வணக்கம் சொல்கிற ஆளை வேறு இடத்தில் பார்த்தால் சட்டென்று பிடிபடாதே, அது மாதிரி. பிறகு எழுந்து பால்கனிக்குப் போனாள். ஈரத் துணிகளின் பாரத்தில் கொடி தொய்ந்திருந்தது. அதன் முனையில், கம்பியின்மேல், கயிற்றை விழுங்கிக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது அந்தக் குழாய்.

அன்று பாத்திரம்கூடப் பேசவில்லை. அதுதான் கணவனைப் பயமுறுத்தியது. “என்னாச்சு?” என்று இரண்டு தடவை கேட்டான். “நாளைக்கு உங்கண்ணன் வருவாரில்ல?” என்று மட்டும் சொன்னாள்.

வந்தார். அண்ணியும் கூடவே. சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அவராகவே ஆரம்பித்தார்.

“என்னம்மா, புத்தகம் தேடி ஊரெல்லாம் சுத்தறியாமே? கெடச்சுதா?”

ஊசியம்மா புத்தகத்தை அவர் மடியில் விரித்து வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். “இங்கிலீஷ்ல இருக்கே.”

“படத்துக்கு பாஷை கெடையாது அத்தான். நடுவுல இருக்கே, அது என்ன?”

“ஏதோ குழாய்...”

அவள் சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள். கொடியை ஒரே வெட்டு. போர்வை, சட்டை, துண்டு எல்லாம் தரையில் விழுந்தன. குழாயை உருவி, திரும்பி வந்து, படத்தின்மேல் வைத்தாள். படத்துக்கு உயிர் வந்து எழுந்த மாதிரி இருந்தது.

இன்ஜினியர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். “இது... கம்பெனிக்காரன் சும்மா ஒரு...”

“சும்மாவா?” அவள் குரல் எழுந்தது. “மூணு செட் பேரிங் போச்சு. எத்தனை பேருக்கு ரெண்டாந்தடவ ஊசி குத்தினேன் தெரியுமா? போன மாசம் பஸ்ஸுக்கு முன்னாடி சக்கரம் ஆடிச்சு, நான் வீட்ல சொல்லல. ஆறு மாசமா என் உசுர இந்தக் குழாய்தான் பிடிச்சிருக்கணும். நீங்க அதுல ஈரத்துணி காயப் போட்டீங்க. நான் அதுக்கு நன்றி வேற சொன்னேன்!”

“சரி விடு, அண்ணன்தானே...” என்று கணவன் ஆரம்பித்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “நீங்க சிரிச்சீங்க.”

அவனுக்கு எதைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய், பால்கனியில் குந்தி, விழுந்த துணிகளை ஒவ்வொன்றாக வாளியில் எடுத்துப் போட ஆரம்பித்தான்.

இன்ஜினியர் ரோஷத்தோடு எழுந்தார். “நல்லது செய்யப்போய்க் கெட்ட பேரு. இனிமே உங்க வீட்டு வண்டிய நான் தொடவே மாட்டேன்!”

“அதத்தான் அத்தான் நானும் கேக்கறேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னால் போன அண்ணி மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். சாப்பிட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், மேசையில் கிடந்த புத்தகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஊசியம்மா அரை நாள் விடுப்பு எடுத்து, சந்தைக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். “பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கும்மா,” என்று மெக்கானிக் முனகினார். பேரிங், குழாய், பேரிங், நட்டு. முழுவதும் இறுக்கிவிட்டு அவர் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவு லேசாகச் சுற்றியதைப் பார்த்ததும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் கூடியது. இவ்வளவுதானா? இதற்கா?

அந்த வாரம் ரத்தம் எடுத்த குழாய்கள் எல்லாம் மஞ்சளாகத் தெளிந்து நின்றன. மேற்பார்வையாளர் ரசீது மேசையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. தான் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. இன்ஜினியர் வீட்டிலிருந்தும் தகவல் இல்லை. ஆனால் சொந்தக்காரர் ஒருவரிடம், “இப்ப ஓடறது நான் போட்டுக் காட்டின முறைதான்” என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. ஊசியம்மா அன்றைக்கு இரண்டு டம்ளரை ஒடுக்கினாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை கதவு தட்டுகிற சத்தம். அண்ணி. தனியாக வந்திருந்தாள், படியேறிய மூச்சிரைப்போடு. ஒரு கையில் துணிப்பையில் சுற்றிய மிக்சி, இன்னொரு கையில் பெரிய பிஸ்கட் டப்பா.

“வாங்கக்கா. என்ன இது?”

“எங்க வீட்டு மிச்சம்,” என்றாள் அண்ணி. டப்பாவை ஆட்டினாள். கலகலவென்று இரும்புச் சத்தம். “கல்யாணமான நாள்லேர்ந்து சேர்த்து வச்சிருக்கேன். ஒண்ணத் தூக்கிப் போடல. என்னிக்காவது ஒருநாள் அந்த மனுஷன் முன்னாடி கொட்டணும்னு. எனக்குத் தைரியம் வரல, நீ கொட்டிட்ட.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ ஒரு கட்டே வாங்கினியாமே, அதுல மிக்சிக்குப் புத்தகம் இருக்கா தங்கச்சி?”

ஊசியம்மா கட்டிலின் அடியிலிருந்து கட்டை இழுத்தாள். தூசி தட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பம்பு, ஜெனரேட்டர், இன்னொரு பம்பு.

“மிக்சி இல்லக்கா. தையல் மெஷின்தான் இருக்கு.”

“அதையும் ஒருதடவ கழட்டினாரு,” என்றாள் அண்ணி. “அதுலேர்ந்து ஆரம்பி.”

ஊசியம்மா மேசைமேல் செய்தித்தாளை விரித்தாள். அண்ணி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அந்தச் சத்தத்தில், உள் அறையில் டிவியின் சத்தம் தானாகக் குறைந்தது.